தோல் வாஷரும் மயிலாப்பூர் அங்கத்தினரும்

மயிலாப்பூர் அங்கத்தினர் இங்கிலீஷ் பேச்சின் நடுவே "தோல்" என்று ஆரம்பித்ததுமே என் பென்சில் முனை ஒடிந்தது. சட்டசபைச் சுருக்கெழுத்துக்காரனுக்கு அடுத்த வார்த்தை வருவதற்குள் இன்னொரு பென்சில் கையில் இருக்க வேண்டும்.

கொசு

திறந்த கிணறுகளில் கொசு பெருகுகிறது, குழந்தைகள் தவறி விழுகின்றன, ஆகவே நகரத்துக் கிணறுகளுக்கெல்லாம் மூடி போட்டுக் கைப்பம்பு வைக்க வேண்டும் என்பது மசோதா. எங்கள் அங்கத்தினர் வக்கீல், ஆசாரம் மிகுந்தவர். பம்புக்குள் தண்ணீரை இழுக்கத் தோல் வாஷர் என்று ஒரு வளையம் இருக்கிறதே, அதைத் தொட்டு வருவதைக் குடிப்பதா என்றார். பேசியது ஆங்கிலத்தில். கோபம் வந்ததும் தமிழுக்குத் தாவிவிட்டார். ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட சுருக்கெழுத்துக் கோடுகளில் தமிழைப் பிடிக்கும் அவஸ்தை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். "தோல் தொட்ட தண்ணீர் என் தொண்டையில் இறங்காது" என்பதை எப்படியோ கிறுக்கிவைத்தேன்.

வெளியே வந்தால் வாசலில் காவல் நிற்கும் டபேதார் பெருமாள். "இன்னா சார், இம்மாம் நேரம் பேசிக்கினு கீறாங்க, கொசுவுக்கும் ஓட்டு கீதா?"

திருத்தம்

டைப் அடித்த பேச்சை அங்கத்தினர் வீட்டுக்கே கொண்டுபோய்த் திருத்தி வாங்கி வருவதும் எங்கள் பாடு. எல்லோரும் முதல் பக்கத்திலேயே, நான் அப்படியா சொன்னேன் என்பார்கள். இவர் அப்படியில்லை. தோல் வாக்கியத்தை உரக்கப் படித்து, "பலே, மிஸ்டர் ஜோசப்" என்றார். பிறகு வழக்கு விஷயமாகக் கட்சிக்காரர் யாரோ கூப்பிட, வாசலுக்குப் போனார்.

உள்ளே முற்றம் தெரிந்தது. நடுவில் கிணறு. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். தூணிலிருந்து ஒரு கயிறு நீண்டு, நடக்கப் பழகும் அவர் பேரன் இடுப்பில் முடிந்திருந்தது. அவன் கிணற்றை நோக்கி ஓடுவான், கயிறு இழுக்கும், உட்கார்ந்துவிடுவான், சிரிப்பான், மறுபடி எழுவான். ஒவ்வொரு தடவையும் நானும் பாதி எழுந்து உட்கார்ந்தேன்.

அவர் சம்சாரம், மாமி, என்னிடம் பேச்சைப் படித்துக் காட்டச் சொன்னாள். முழுக்கக் கேட்டாள். "நன்னாத்தான் பேசியிருக்கார். இந்தக் கயித்தைப் பத்தி ஒரு வரி இல்லையே?"

ரப்பர்

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் தாமே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குரல் சற்று இறங்கியிருந்தது. ரப்பர் என்பது மரத்துப் பால். மரத்தில் தீட்டு ஏது? ஆகவே வேண்டியவர்கள் ரப்பர் வாஷர் போட்டுக்கொள்ளலாம் என்று சேர்த்தால் மூடிக்கும் பம்புக்கும் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். சர்க்கார் தரப்பு உடனே ஒப்புக்கொண்டது. சபையே மேஜையைத் தட்டியது. அந்தச் சத்தத்தில் நானும் ஒரு தட்டுத் தட்டினேன்.

பெருமாள் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "ஐயரு வூட்டாண்ட இன்னாவோ நடந்துகீது, சார்."

பம்பு

இரண்டாவது பேச்சோடு போனபோது கிணற்றின் மேல் கனமான மரமூடி. பேரன் அதன்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். இடுப்பில் கயிறு இல்லை. அங்கத்தினர் பம்பை அடித்து, ஒரு டம்ளர் பிடித்து, அண்ணாந்து குடித்தார். ரப்பர் தண்ணீரின் ருசியே தனி என்று எனக்கும் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்துவிட்டு, பேச்சைத் திருத்த முன்னறைக்குப் போனார்.

மாமி குரலைத் தாழ்த்தினாள். "ரப்பர் வாஷர் சீமையிலேர்ந்து கப்பல்லதான் வரணுமாம். அது வரவரைக்கும் உள்ளே தோல்தான். குழந்தை அதுவரைக்கும் காத்துண்டிருப்பானா? நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதேங்கோ."

சபையில் சொன்னதை மட்டும் எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதால் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தேன்.

மாமி தூணிலிருந்த கயிற்றின் மறுமுனையை எதிர்த்தூணில் இழுத்துக் கட்டி, பேரனின் ஈரச் சட்டையை அதில் உலர்த்தினாள்.