சொடக்கு எடுக்க வேண்டாம் என்றவர்

எழுத உட்கார்வதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். வரிசை தவறாதிருக்க, முதலில் குறித்துக்கொள்கிறேன்:

1. செய்தி வந்தது.
2. சொடக்கு எடுப்பதை அவர் நிறுத்தியது.
3. ஆட்டோவில் விரித்த பை.
4. அவர் யாரையும் கடிந்து பேசாதவர் என்பது.

செவ்வாய்க்கிழமை காலை மகள் செல்வி போனில், "அப்பா, ரஹ்மத்தம்மா தவறிட்டாகளாம்" என்றாள். ராஜபாளையத்தில் பிசியோதெரபி பார்த்த அவருடைய அறை வாசலில், இடுப்பில் பெல்ட்டுடன் எங்களோடு காத்திருந்த மற்ற நோயாளிகளான உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

செல்விக்குச் சிறு வயதிலிருந்தே மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும். கட்டைவிரலை மடக்கி முன்கையைத் தொடுவாள். விருந்தாளிகள் முன் நானே செய்துகாட்டச் சொல்வேன். கர்ப்பத்தின் ஏழாம் மாதம் இடுப்பெலும்பில் தொடங்கிய வலி பிரசவத்துக்குப் பிறகும் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு எண்ணெய் தேய்க்க வந்த அம்மாள், தினமும் அவள் காலை இழுத்துச் சொடக்கு எடுத்தார். சத்தம் கேட்டால் வாயு போயிற்று என்று மகிழ்ந்தோம். மறுநாள் வலி கூடும். இன்னும் பலமாக இழுக்கச் சொன்னோம். பிரசவமான மூன்றாம் மாதத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

அப்போதுதான் ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனோம். ரஹ்மத்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ஏற்கெனவே தளர்ந்த மூட்டுக்கட்டு சார். அதைப் போய் இழுக்கலாமா? நாம பலப்படுத்தணும்." முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து அழுத்துவதிலிருந்து தொடங்கினார். எம்புட்டு நாளாகும் என்று நான் கேட்காத வாரமில்லை.

ஆட்டோவில் ஏறக் காலை அகட்டினாலே செல்வி துடிப்பாள். அவர் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையொன்றைச் சீட்டில் விரித்தார். "முதல்ல உக்காரு. பொறவு ரெண்டு காலையும் சேர்த்துத் திரும்பு." அவள் வழுக்கித் திரும்பினாள். பெரியவருக்கும் ஒன்று விரிக்கவா என்று என்னைப் பார்த்து ஆட்டோக்காரர் கேட்டார்.

செல்வி இன்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடியேறுகிறாள். வலி முழுதும் போகவில்லை. அதை அறிந்து நடக்கிறாள்.

நான்காவது குறிப்பு தவறு. என்னைக் கடிந்திருக்கிறார். பயத்தில் தினமும் செல்வி கண் விழித்ததும், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு நோட்டில் எழுதிவந்தேன். விழுந்துவிடுவாள் என்று பிள்ளையையும் கொடுப்பதில்லை. நோட்டைப் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டு மூடினார்.

"எந்திரிக்கும்போதே அவ வலியைத் தேடணுமா? கேக்கிறதை நிறுத்துங்க சார். பிள்ளையை அவ கையில குடுங்க."

குரல் உயர்ந்துதான் இருந்தது. பிள்ளையைக் கொடுத்தேன். சுவரில் சாய்ந்து வாங்கிய செல்வி, சாயாமலும் சற்று நின்றாள்.

அன்று பட்ட வெட்கத்தில்தான் பட்டியலில் அப்படி எழுதினேன் போலும். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கோபம்தான். செவ்வாயன்றும், வலி எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டேன்.