டிவிக்குப் பொட்டு வைத்த மிஸ்

பனியன் கம்பெனியில் தையல் சொல்லிக் கொடுப்பவளுக்கு முதலில் தேய்வது தொண்டை, அடுத்து முழங்கால், கடைசியாக மரியாதை.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். பிசிறு வெட்டி, கைமடித்து, ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டி, கடைசியில் கம்பெனியின் டிரெயினிங் ரூமுக்கு வந்து சேர்ந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அங்கேதான் நான் தையல் பழக்குகிறேன். அவர்கள் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிடுவார்கள். சிரிக்காதீர்கள். பாதியில் படிப்பை விட்டவளுக்கு அந்தச் சொல்லின் ருசியே தனி. உட்கார நாற்காலியும் உண்டு. இரண்டுக்கும் உலை வைக்க வந்தார் புது ஹெச்.ஆர். சார்.

“தீபாவளிக்குள்ள கிளாஸ் பூராவும் டிவியில நடக்கணும் மேடம். முடியலைன்னா செக்கிங் டேபிளுக்குப் போயிடுங்க” என்றார். செக்கிங் டேபிள் என்றால் நாள் முழுக்க நின்றபடி பனியனைப் புரட்டிப் பார்க்கும் வேலை. அங்கே நாற்காலியும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தவிர வேறொன்றும் அறியாத சகோதரிகளே, என் பாடு உங்களுக்குப் புரியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

பூஜை போட்டேன்

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் கத்தரிக்கோல் முதல் ஜெனரேட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அந்த நேரம் பார்த்து, பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு தொடுதிரை டிவி ஒன்று வந்து இறங்கியது. என் பிழைப்பே அதன் கையில் இருக்கும்போது அதை மட்டும் விட முடியுமா? திரையின் நெற்றி என்று எனக்குத் தோன்றிய இடத்தில், மற்ற மெஷின்களுக்கு வைத்ததைவிடக் கெட்டியாகவே அப்பினேன்.

விடுமுறை முடிந்து வந்து போட்டால், டிவி தானாகவே எதையோ திறக்கிறது, மூடுகிறது. என் விரலை மட்டும் மதிக்கவில்லை. ஹெச்.ஆர். சார், டிவி விற்ற கடைக்குப் போன் போட்டு ஆங்கிலத்தில் சண்டை பிடித்தார். எலக்ட்ரீசியன் பழனி வந்து, காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினான். உடனே டிவி அடங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “பொட்டு வெச்சது தப்பில்லீங்க்கா. ஆனா யாரோ விரலை எடுக்காம அமுத்திட்டே இருக்காங்கன்னு பாவம், அது மிரண்டு போயிக் கெடக்குது.”

விலைக்கு வாங்கிய பாடம்

அடுத்து, கம்பெனி காசு கொடுத்து வாங்கிய வீடியோப் பாடங்கள் வந்தன. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், நகப்பூச்சு கலையாமல், விறைப்பான சட்டைத் துணியைத் தைத்தாள். பனியன் துணியோ இழுத்தால் நீளும், விட்டால் ஓரம் சுருளும். சட்டைக்காரியிடம் அதற்கு மருந்து இல்லை. அவள் பேசிய ஆங்கிலம் எனக்கும் புரியவில்லை, பிள்ளைகளுக்கும் புரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் அன்றைக்கு மிஸ்ஸும் மாணவிகளும் சமம்.

ஆனாலும் யாரும் கண்ணை எடுக்கவில்லை. அடடா, என்ன கவனம் என்று நான் பூரித்துக்கொண்டிருந்தபோது, முதல் வரிசையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் கை தூக்கினாள்: “மிஸ், அந்த அக்கா கம்பெனியில ஏசி இருக்குதுங்க. அங்க ஆள் எடுக்கறாங்களா?”

போன் மிஸ்

என் வகுப்பில் பாதிப்பேர் ஒடிசாப் பெண்கள். அவர்களுக்கு ஹிந்தி புரியும்; எனக்குப் புரியாது. தமிழில் பேசினால் ஹிந்தியில் பேசும் செயலி ஒன்றை ஹெச்.ஆர். சார் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். நான், “ஏனுங் கண்ணு, எத்தனை வாட்டி சொல்றது? துணியை இழுக்காதே, இழுக்காதேன்னு கத்திக் கத்தி என் உசுரே போகுது!” என்பேன். போன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தாலாட்டுப் பாடுவதுபோல் ஏதோ சொல்லும். பிள்ளைகள் போனைப் பார்த்துத் தலையாட்டி, துணியை இழுக்காமல் விடுவார்கள்.

எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். உயிரைக் கொடுத்துக் கத்தியது நான். நல்ல பெயர் அதற்கு. ஒருநாள் சபிதா என்ற பெண், தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டிக்கொண்டு என்னிடமே கேட்டுவிட்டாள்: “மிஸ், போன் மிஸ் அன்பா பேசுது. நீங்க மட்டும் ஏன் கத்துது?”

முந்தானை வலது தோளில்

கடைசியில் நானே வீடியோ எடுப்பது என்று முடிவு கட்டினேன். துணி துவைக்கும் முறை அச்சடித்த லேபிளைப் பனியனில் எங்கே வைப்பது என்பதுதான் பாடம். போடுகிறவரின் இடது பக்கத் தையலில் வைக்க வேண்டும். நூல் கோன் ஒன்றில் போனைச் சாய்த்து, என் முகம் எனக்கே தெரியும்படி திருப்பிவைத்து, மேஜையில் பனியனை விரித்துக் காட்டினேன். பிறகு ஓட்டிப் பார்த்தேன். சேலை முந்தானை வலது தோளில் கிடந்தது. அது என் கண்ணில் படவில்லை; என் நிறம் கொஞ்சம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே என் கண் இருந்தது. முகம் தெரியும் பக்கத்துக் கேமரா, கண்ணாடி மாதிரி இடதை வலதாக மாற்றிவிடும் என்று யார் கண்டது?

பிள்ளைகள் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, சொன்ன பேச்சுத் தட்டாமல், நிஜ ஆர்டரில் ஒரு கட்டு முழுவதும் லேபிளை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள். செக்கிங் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹெச்.ஆர். சார் காதில் விழும்படி கேட்டார்: “யக்கா, ஒங்க பிள்ளைக எல்லாம் கண்ணாடிக்குள்ள உக்காந்து தச்சாவளோ?”

முதலாளி வந்தார்

அத்தனையையும் பிரித்துத் தைத்தோம். தீபாவளி நெருங்கிவிட்டது, முதலாளி வந்து பார்ப்பதாக வேறு சொல்லிவிட்டார்கள். இந்தமுறை சபிதா, நான் பேசுவதை எதிரே நின்றும், தைப்பதை என் தோளுக்குப் பின்னால் நின்றும் பின்பக்கக் கேமராவில் எடுத்தாள். வீடியோவில் என் விரல்கள் மெதுவாக நகரும்படியும் செய்துவைத்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், டிவியில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் அத்தனை முறை கேட்க அவளுக்குத் தைரியம் வருமா? வந்தாலும் நான் அத்தனை முறை பதில் சொல்வேனா? அந்தப் பெட்டிமேல் எனக்கு அப்போதுதான் மரியாதை வந்தது.

முதலாளி வந்த அன்று டிவி மிரளவில்லை. லேபிள்கள் எல்லாம் இடது பக்கம் போய் உட்கார்ந்தன. அவர் சந்தோஷமாக, “வீடியோவே இத்தனை சுளுவா சொல்லிக் குடுத்துருதே அம்மிணி, அப்புறம் நீங்க எதுக்குங்க?” என்றார். ஊசி விரலில் இறங்கியது போலிருந்தது. நாற்காலியை நானே அறுத்துவிட்டேனா? ஹெச்.ஆர். சாரின் பார்வை செக்கிங் டேபிள் பக்கம் போய்விட்டது. முதலாளியின் கையில் அடுத்த ஆர்டரின் சாம்பிள் இருந்தது. “அதுல லேபிள் கீழ் மடிப்புல வருதுங்க மொதலாளி. இந்த வீடியோவைப் போட்டா மறுபடியும் பிரிக்கோணுங்க” என்றேன். அவர் சாம்பிளைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஹெச்.ஆர். சாரிடம் சொன்னார்: “ஆர்டருக்கு ஆர்டர் படம் புடிக்க ஆளு வேணுமல்லங்க? அம்மிணி இங்கயே இருக்கட்டும். அடுத்த படத்துலயாச்சும் கொஞ்சம் சிரிச்ச மொகமா நடிக்கச் சொல்லுங்க.”

ஆக, தொண்டை தேய்வது நின்றது, முழங்காலும் தப்பித்தது. மரியாதை மட்டும், எவளாவது வீடியோவை நடுவில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், அவள் திரும்பி வரும்வரை டிவியில் வாயைப் பிளந்தபடி நிற்கிறது.