காலி ரூம்பும் கண்டக்டரம்மாவும்

கண்டக்டரம்மா குரல் குடுத்தா, பஸ்ஸுல கடைசி சீட்டுல குறட்டை விடுறவனும் எந்திரிச்சு சில்லறை எடுப்பான். அப்படிப்பட்டவங்க வயித்துல பொறந்ததுதான் ஒரு வார்த்தை பேச ஒரு யுகம் எடுத்துக்கிற பொண்ணு. செல்லப்பேரு விசில். டூட்டி முடிஞ்சு அம்மா வந்ததும் பையைக் கொடைஞ்சு விசிலை எடுத்து ஊதும். அப்புறம்தான் சோறு.

விசிலுக்குப் புரியாம இல்ல. நேரம் வேணும், அவ்வளவுதான். அந்த நேரத்தைக் குடுக்க ஆளில்லாம, பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல பொம்மை மாதிரி உக்காந்து கெடந்துச்சு. அப்பதான் ஸ்பெஷல் டீச்சர் வந்தாங்க. மாடிப்படிக்குக் கீழ உடைஞ்ச பெஞ்சு போட்டு வச்சிருந்த ரூம்பைக் கூட்டிப் பெருக்கி, இது மாதிரிப் பிள்ளைங்களை அங்க சேத்தாங்க. பட்டன் போடுறதுல ஆரம்பிச்சாங்க. மத்தியானமானா மத்தப் பிள்ளைங்க வகுப்புக்கே கூட்டிட்டுப் போயி, பக்கத்துல உக்காந்து பாடத்தை மென்னு ஊட்டுற மாதிரி சொல்லிக் குடுத்தாங்க. வருஷம் திரும்புறதுக்குள்ள விசில் பஸ் போர்டு படிச்சுது. "அம்மா பஸ்"னு கை நீட்டுன அன்னைக்கு, கண்டக்டரம்மா ஒரு ஸ்டாப்பு முழுக்க யாருக்கும் டிக்கெட்டே கிழிக்கல.

இது யாரும் போட்ட பிச்சையில்ல. அரசாங்கப் பள்ளிக்கூடம் எந்தப் பிள்ளையையும் வேணாம்னு தள்ளக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா சட்டம் தானா நடந்து வராது.

அந்த டீச்சரைத்தான் மாத்துறதா இருந்தாங்க. அதிகாரிங்க எப்ப வந்து பாத்தாலும் ரூம்பு காலியா கெடந்துச்சாம். பிள்ளையே இல்லாத ரூம்புக்கு டீச்சர் எதுக்குன்னு கேட்டாங்களாம். கடைசியா ஒரு தடவை பாத்துட்டு உத்தரவு போட்டுருவாங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வருத்தத்தோடதான் சொன்னாங்க.

டீச்சர் போனா விசில் மறுபடியும் கடைசி பெஞ்சு. இல்லன்னா வீடு. லேத்துப் பட்டறையில வேலை பாக்குற புருஷன் வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாம்னு இழுத்தாரு. யாரு பாக்குறது, உங்க லேத்தா பாக்கும்னு கேட்டு வாயை அடைச்சாங்க கண்டக்டரம்மா.

மறுநாள் டிப்போல ஒரே கூச்சல். மில்லு ஆளுங்க போற ஒரு ரூட்டைத் தூக்கிட்டாங்க. கணக்கெடுக்க ஆபீஸ்காரங்க ஏறுன நாள் பாத்து மில்லுக்கு லீவு. பஸ்ஸு காத்தாடப் போயிருக்கு. ஆளில்லன்னு எழுதிட்டாங்க.

கண்டக்டரம்மா கையில இருந்த டீ ஆறிப் போச்சு. அதிகாரி வர்றதுக்கு மொத நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் எப்பவும் சொல்லி அனுப்புவாங்க, நாளைக்குக் கூட்டமா இருக்கும், குழந்தை மிரண்டுரும், வீட்டுலயே வச்சுக்கம்மான்னு. என்ன நல்ல மனசுன்னு இவங்களே கையெடுத்துக் கும்பிட்டிருக்காங்க. எல்லாத் தாய்மாரும் அதேதான். நம்ம பஸ்ஸை நாமளே நிறுத்தியிருக்கோம்னு அப்பதான் உறைச்சுது.

அதிகாரி வர்றப்ப எல்லாரும் பிள்ளையோட வரணும்னு டூட்டி முடிஞ்ச கையோட வீடு வீடா ஏறிச் சொன்னாங்க. பூக்கடைக்காரம்மா மட்டும் தயங்குனாங்க. அவங்க மகன் புது ஆளைப் பாத்தா காதைப் பொத்திக்கிட்டுக் கத்துவான்.

"எல்லாரு முன்னாடியும் மானம் போயிரும்க்கா."

"கத்தட்டும்டி. அப்பதான் உள்ள ஆளிருக்குன்னு தெரியும்."

அதிகாரி வர்ற அன்னைக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டுல நின்னாங்க. தாயும் பிள்ளையுமா வரிசை வர்றதைப் பாத்ததும் முகம் வெளுத்துருச்சு.

"நேத்தே வேணாம்னு சொல்லி அனுப்புனேனேம்மா."

"பள்ளிக்கூடம் தொறந்திருக்குல்ல டீச்சர்? அப்ப பிள்ளை வரும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் ஓரமா ஒதுங்கி வழி விட்டாங்க.

அதிகாரி வந்தப்ப ரூம்புல எள்ளு போட இடமில்ல. சக்கர நாற்காலி ஒரு பக்கம், சுவரை ஒட்டித் தாய்மாருங்க. பூக்கடைக்காரம்மா மகன் ரூம்பு அதிர ஒரு கத்து கத்துனான். மனுசன் வாசல்லயே நின்னுட்டாரு. கண்டக்டரம்மாவுக்குப் பழக்க தோஷம், தன்னையறியாம வந்துருச்சு:

"படியில நிக்காதீங்க சார், உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு."

ரூம்பே சிரிச்சுது. அவரும் சிரிச்சுக்கிட்டே உள்ள போனாரு. ஸ்பெஷல் டீச்சர் அவருக்காக எதையும் மாத்தல. காதைப் பொத்துனவனுக்கு முதுகைத் தடவிக் குடுத்துக்கிட்டே விசிலுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ரொம்ப நேரம் பாத்துட்டு, முன்னாடி வந்தப்பல்லாம் இவங்க எங்க போனாங்கன்னு கேட்டாரு.

ஹெட்மிஸ்ட்ரஸ்தான் முன்னாடி வந்தாங்க.

"நான்தான் சார் வர வேணாம்னேன். பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுருமோன்னு பயம்."

அவரு திட்டல. டீச்சர் எங்கயும் போகமாட்டாங்கன்னாரு. ரூம்பு இவ்வளவு நெரிசலா இருக்கக் கூடாதுன்னும் சொன்னாரு. சொன்ன மாதிரியே டீச்சர் நின்னாங்க, கூட ஒரு உதவியாளும் வந்தாங்க. ரூம்பு மாடிப்படிக்கு அடியில இருந்து ஜன்னலுள்ள பக்கத்துக்கு மாறுச்சு, வாசப்படியில சக்கர நாற்காலி ஏறச் சரிவும் போட்டாங்க. அடுத்த தடவை அதிகாரி வர்றப்ப ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி அனுப்புனது வேற: நாளைக்கு எவளாவது பிள்ளையை வீட்டுல நிறுத்துனீங்க, நானே வந்து தூக்கிட்டுப் போவேன்.

புது ரூம்புல மொத நாள். எல்லாரும் உக்காந்தாச்சான்னு விசில் நிதானமா ஒவ்வொரு சீட்டாப் பாத்துச்சு. அவசரமே இல்ல. அப்புறம் அம்மா பையில இருந்து சுட்ட விசிலை எடுத்து ரெண்டு தரம் ஊதுச்சு.

"ரைட், போலாம்."

டீச்சர் பாடத்தை ஆரம்பிச்சாங்க.