பஸ்தியானோ பொய் சொல்லாத குகை

மரேத்திமோ தீவைப் படகில் ஒரு சுற்று சுற்றி வர, நடுவில் குளியல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பகல் போதும். அந்த ஒரு பகலுக்குள் படகோட்டி பஸ்தியானோ அவிழ்த்துவிடும் பொய்களைச் சொல்லி முடிக்க இன்னொருவனுக்கு ஆயுள் போதாது.

தீவின் மேற்குப் பக்கம் முழுக்கப் பாறை. பாறை என்றால் மூக்கு இருக்கும், முதுகு இருக்கும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு முகமும் தெரியும். பஸ்தியானோவுக்கு அது போதும். ஒரே பாறை திங்கட்கிழமை தவம் செய்யும் துறவியாக இருக்கும், செவ்வாய்க்கிழமை அந்தத் துறவியைக் கெடுக்க வந்த பெண்ணாக மாறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் ஏறினால் கடற்கொள்ளையர் கதை. ஜெர்மன்காரர்கள் ஏறினால் பாறையின் வயது. அதையும் வாயில் வந்தபடி சொல்வான், ஆனால் கடைசியில் ஒரு சில்லறை எண்ணைச் சேர்த்துச் சொல்வான். அந்தச் சில்லறைக்காகவே அவர்கள் நம்புவார்கள்.

மற்றப் படகோட்டிகளும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவனுடைய துறவி இன்னொருவனுக்கு ஒட்டகம். ஒரு கோடையில் ஒருவன் அடுத்த படகைப் பார்த்து, பயணிகள் காதில் விழும்படி, "அது வெறும் கல்லுதான்" என்று சொல்லிவிட, அன்று மாலை மதுக்கடையில் நாற்காலி பறந்தது. சமாதானம் பண்ணி வைத்தவன் பஸ்தியானோதான். பயணிகள் முன்னால் ஒருத்தன் கதையை இன்னொருத்தன் மறுக்கக் கூடாது என்று அவன்தான் சட்டம் போட்டான். எல்லோரும் கோப்பையை மோதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தீவில் யாரும் மீறாத ஒரே சட்டம் அது. மீன்பிடிச் சட்டத்துக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

இத்தனை பொய் சொன்னவன் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஒரு குகை. வாய் அவ்வளவு தாழ்வு. படகின் மேல்துணியை மடக்கி, எல்லோரும் தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டால்தான் உள்ளே நுழைய முடியும். அந்த இடம் வந்ததும் பஸ்தியானோ இன்ஜினை முடுக்குவான். எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, இல்லாத ஒரு பறவையைக் காட்டுவான். பத்துத் தலையும் அந்தப் பக்கம் திரும்பும். குகை கடந்துபோகும்.

இளவயதில், அப்பாவின் துடுப்புப் படகில், கடல் முள்ளெலி பொறுக்கப் போகலாம் என்று பொய் சொல்லி நின்ஃபாவை அவன் கூட்டிப்போன இடம் அது. உள்ளே போனதும் அலை எழும்பி குகை வாயை அடைத்துவிட்டது. பிற்பகல் வரை வெளியே வர வழியில்லை. கல்யாணம் பண்ணிக்கொள்வாயா என்று கேட்கத் தயார் செய்துவைத்திருந்த வார்த்தைகளுக்குப் பதிலாக, பரம்பரைக் கடலோடியான பஸ்தியானோ அவள் கண்ணெதிரே வாந்தி எடுத்தான். அவள் அவன் முகத்தைக் கழுவிவிட்டு, "நான் துடுப்பு போடட்டுமா?" என்று கேட்டாள். அதைத்தான் அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அவளும் மறுக்கவில்லை.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாவது ஆள் இன்னொரு படகோட்டி, கஸ்பாரே. பஸ்தியானோவின் மகளை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவருக்கொருவர் 'கும்பாரி'. பெண்டாட்டிக்குத் துரோகம் செய்தவனுக்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டு இருக்கிறது. கும்பாரிக்குத் துரோகம் செய்தவனை ஞானஸ்நானத்துக்குரிய புனிதரான ஸ்நாபக அருளப்பர் பார்த்துக்கொள்வார் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஞானஸ்நான விருந்தில் மது கொஞ்சம் கூடிப்போய், பஸ்தியானோ கண் கலங்க எல்லாவற்றையும் சொன்னான். மறுநாள் குகையையும் காட்டினான். வெளியே விடமாட்டேன் என்று கஸ்பாரே அருளப்பர் பெயரைச் சொல்லித்தான் கை கொடுத்தான்.

இந்தக் கோடையில் தூரினிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரம்மா, பஸ்தியானோ பறவையைக் காட்டிய நேரத்தில் பறவையைப் பார்க்காமல் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணமகள் குகை இதுதானே? நிறுத்தலையா?"

"அப்படி ஒண்ணு இந்தத் தீவுலயே இல்லம்மா."

"எங்க ஓட்டல்ல எல்லாரும் பார்த்துட்டு வந்து அழுதுட்டிருக்காங்க. கஸ்பாரே கேப்டன் கூட்டிட்டுப் போறாராம். உங்களுக்கு வழி தெரியாதுன்னா சொல்லிடுங்க, தப்பில்ல."

வழி தெரியாதாம். பஸ்தியானோ சுக்கானைத் திருப்பினான். குகை வாயருகே இன்ஜினை அணைத்ததும் உள்ளிருந்து கஸ்பாரேயின் குரல் கோயிலில் பிரசங்கம் கேட்பதுபோல் வந்தது. அப்பாவின் படகு, கடல் முள்ளெலி, எழும்பிய அலை, அடைபட்ட வாய், எல்லாம் சொல்லுக்குச் சொல் பஸ்தியானோவுடையது. வாந்தி மட்டும் பாட்டாக மாறியிருந்தது. மாப்பிள்ளை கஸ்பாரே. ஆயுளில் ஒரு பெண்ணின் கையைக்கூடப் பிடித்திராத கஸ்பாரே. அதோடு விடவில்லை. அந்தப் பெண்ணை அதே குளிர்காலத்தில் கடல் கொண்டுபோய்விட்டதாம். அதற்குப் பிறகு தான் இன்னொருத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லையாம். உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் எதிரொலித்தது.

கடல் கொண்டுபோனவள் அந்நேரம் சதுக்கத்தில் உப்பிட்ட கேப்பர் மொட்டுகளை எடைபோட்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

கஸ்பாரேயின் படகு வெளியே வந்தது. குனிந்த தலைகளில் கடைசியாக நிமிர்ந்தது அவனுடையது. பஸ்தியானோவைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு நொடி கல்லாகிப் பிறகு சிரித்தது.

"என்ன கும்பாரி, அலை கொஞ்சம் எழும்புது போல?"

இரண்டு படகு நிறையப் பயணிகள். பஸ்தியானோவின் வாய் திறந்தது. அவன் போட்ட சட்டமே குறுக்கே வந்து நின்றது.

"ஆமா, கும்பாரி," என்றான்.

மாலை துறையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பிடித்துக் கேட்டான். கஸ்பாரே மறுக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நீ அதை வச்சு ஒண்ணும் பண்ணலையே. சும்மா கிடந்த வலைய எடுத்து வீசினேன்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "உனக்குத் தீவு முழுக்கப் பாறை இருக்கு, வீட்டுல அவ இருக்கா. எனக்கு என்ன இருக்கு, சொல்லு," என்று கேட்டான். அடிக்க ஓங்கிய கையை பஸ்தியானோ என்ன செய்வதென்று தெரியாமல் தன் தொப்பியைக் கழற்றப் பயன்படுத்திக்கொண்டான்.

வீட்டில் நின்ஃபா அடுப்பில் குஸ்குஸ் ரவைச் சோற்றுக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். கடைசியில், கஸ்பாரே தன் கதையில் அவளைச் சாகடித்துவிட்டான் என்பதையும் சொன்னான். அவள் கரண்டியை நிறுத்தவே இல்லை.

"தெரியும். போன கோடையிலேர்ந்தே தெரியும். கேப்பர் வாங்க வர்றவங்க எங்கிட்டயே சொல்லி அழறாங்க. நானும் பாவம்னு சொல்லி ஒரு பிடி கூடப் போட்டுத் தர்றேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா சண்டை போடுவ. அப்புறம் ஞாயித்துக்கிழமை அவன் சாப்பிட வரமாட்டான். தனி ஆளு, எங்க போவான்?"

"என் கதைய எடுத்துக்கிட்டான், நின்ஃபா."

"உன் கதையா?" அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "கல்லுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வச்சவன் நீ. என்னைப் பத்தி ஒருநாள், ஒருத்தர்கிட்ட, ஒரு வார்த்தை சொல்லியிருப்பியா? அவன் வாயில நான் அழகா செத்தாவது போறேன்."

அவன் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. கும்பாரியின் துரோகம் ஒரு பக்கம். தன் வீட்டுக்குள்ளேயே, தன் தட்டில் குழம்பு ஊற்றியபடி, ஒரு வருடமாக ஒருத்தி தெரிந்தும் தெரியாததுபோல் இருந்திருக்கிறாள். அருளப்பர் இதற்கு எந்தக் கணக்கில் தண்டனை வைத்திருக்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மறுநாள் பறவையைக் காட்டவில்லை. பயணிகளைக் குனியச் சொல்லிப் படகை நேரே குகைக்குள் விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, பயணிகள் முன்னால், நடந்ததை நடந்தபடியே சொன்னான். வாந்தியை மறைக்கவில்லை. துடுப்பைச் சொன்னான். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள், சதுக்கத்தில் கேப்பர் விற்கிறாள், பெயர் நின்ஃபா என்றான். துறவிக்கும் கடற்கொள்ளையருக்கும் வராத திக்கல் இந்தப் பெயருக்கு வந்தது. வார்த்தை தடுமாறியது, இரண்டு முறை திரும்பப் போய் ஆரம்பித்தான்.

வாந்தி வந்த இடத்தில் படகே சிரித்தது. பின்வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். வாரத் தொடக்கத்தில் கஸ்பாரேயோடு சுற்றியவர். மனைவிக்கும் காட்ட ஆசைப்பட்டு, அந்தப் படகில் இடமில்லாததால் இதில் ஏறியவர். அவர் சிரிக்கவில்லை.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்த ஒரு மனுஷனோட கதை இது. அதப் போய் இப்படித் திருடி, கேலி பண்ணிச் சொல்றீங்களே. அவர் உங்க நண்பராமே?"

படகில் எல்லாக் கண்ணும் பஸ்தியானோ மேல் இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தை, பயணிகள் முன்னால், இன்னொருவன் கதையை மறுக்கும் வார்த்தை.

"நண்பர் இல்லைங்க," என்றான். "கும்பாரி."

இன்ஜினைப் போட்டான். குகை வாய் நெருங்கியது. எல்லோரும் தலையைக் குனிஞ்சுக்குங்க என்று வழக்கம்போல் குரல் கொடுத்தான். வெளியே வெயிலில் வந்து பயணிகள் ஒவ்வொருவராக நிமிர்ந்த பிறகும், படகோட்டி மட்டும் சற்று நேரம் நிமிரவில்லை.