சுவருக்குத் தைத்த போர்வை

ஊசியக்கா விடுப்பு கேட்டாள் என்றதும் தையல் கூடத்தில் பாதி மெஷின்கள் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை உறையும் திரைச்சீலையும் தைக்கிற கூடம் அது. காய்ச்சலோடு வந்து உட்கார்ந்து தைத்திருக்கிறாளே தவிர, விடுப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"என்ன ஊசி, உன்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா சார். மாப்பிள்ளைக்குப் பல்லு மட்டும்தான் இல்லையாம். எனக்கும் ரெண்டு போயிடுச்சே, பொருத்தம் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன்."

கூடம் சிரித்தது. பட்டன் தைக்கிற புதுப்பெண் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் வாயை விட்டவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை புருஷனோடு ஏரிக்கரை மலைப்பாதையில் நடந்துவிட்டு வந்திருந்தாள். பார்வைமேடையில் வழிகாட்டி சொன்ன கதையை, டப்பாவைத் திறந்தபடியே கண் விரியச் சொன்னாள். ஒரு காலத்தில் இரண்டு காதலர்கள் அங்கிருந்து குதித்தார்களாம். அன்று முதல் குளிர்காலம் வந்தால் ஏரி யாரையாவது கூப்பிடுமாம். "எட்டு வருஷம் முன்னாடி ஒரு கொத்தனார் போனாராம் அக்கா. கல்யாணம் நின்னுபோன ஆளாம். ஏரி கூப்பிட்டுச்சாம், நடந்துட்டாராம். அடுத்த மாசம் இந்தக் கதையெல்லாம் எழுதிப் பலகையே வைக்கப் போறாங்களாம்."

சுற்றி இருந்தவர்கள் கண்ணைக் காட்டியும் அவளுக்கு விளங்கவில்லை. ஊசியக்கா தன் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அந்தக் கொத்தனார் அவளுடைய தம்பி.

அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்த தம்பி. எந்நேரமும் கையில் மண்ணோ சிமெண்டோ ஒட்டியிருக்கும் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவனைக் குளவி என்றார்கள். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சுவரைக் கட்டினாலும், கரண்டியைக் கழுவி வைக்குமுன் தன் முழுப் பாரத்தையும் அதில் சாய்த்துப் பார்ப்பான். "நான் கட்டினதுல நான்தான்க்கா முதல்ல சாயணும். அப்புறம்தான் ஊரார்" என்பான். "சாப்பாட்டையும் அப்படியே நான் ஆக்கறேன், நான் முதல்ல சாப்பிட்டுப் பார்க்கட்டுமா?" என்பாள் அவள். "நீ சாப்பிட்டுப் பார்த்தா எனக்கு மிச்சம் இருக்காது."

அவன் போன பிறகு அந்த ஏரிப்பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கவில்லை. இப்போது பலகை வைக்கிறார்களாம். வாயால் சொன்னதை மறக்கலாம். பலகையில் எழுதினால் அதுதான் வரலாறு. எழுதுமுன் அதை நிறுத்த வேண்டும்.

காலை முதல் பேருந்தில் மலையடிவாரத்தில் இறங்கினாள். புல்லெல்லாம் உறைபனி. ஏரியின் ஓரம் கண்ணாடி போட்டதுபோல் உறைந்து, நடுவில் மட்டும் கருநீலமாய் அசைந்தது. கம்பளிச் சட்டை, அதன்மேல் தம்பியின் பழைய கோட்டு, தோளில் துணிப்பை. பைக்குள் கனமாக ஒன்று இருந்தது.

பாதையில் முதலில் வருவது பழைய சுங்கச்சாவடி. கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தலைச்சுமையோடு வருகிறவர்களிடம் வரி வாங்கினார்கள், பல்லக்கில் வருகிற பிரபுக்களுக்கு விலக்கு என்று கல்லில் வெட்டியிருந்தது. சுமந்தவன் கட்ட வேண்டும், சுமக்கப்பட்டவன் கட்ட வேண்டாம். இதைத் தொன்மைச் சிறப்பு என்று சொல்லிக் கம்பிவேலி போட்டுக் காக்கிறார்கள். ஊசியக்கா ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "நல்லா இருக்கு நியாயம்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு ஏறினாள்.

முதல் பார்வைமேடையில் ஆள் இல்லை. இரும்புக் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கை ஒட்டிக்கொண்டதுபோல் சுரீரென்றது. அங்கிருந்து பார்த்தால் ஏரியின் வளைவு முழுவதும் தெரியும். அவன் இங்கே வேலைக்கு வந்த முதல் வாரத்தில், "அக்கா, ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன். பார்த்தா நீ மெஷினையே மறந்துடுவ" என்று சொல்லியிருந்தான். அழகுதான். கால் வலிக்க வலிக்க நின்று பார்த்தாள். மெஷின் மறக்கவில்லை.

அதற்கு மேல் காவற்கோபுரம். அதைத் தாண்டினால் இரண்டாவது மேடை. அவன் கைப்பிடிச்சுவர் கட்டிய மேடை அதுதான். இப்போது அங்கே இரும்புக் கம்பித் தடுப்பு. ஓரத்தில் மட்டும் பழைய சுவரின் அடிக்கல் இரண்டு மிஞ்சியிருந்தன. அவள் குனிந்து அவற்றைத் தொடும்போதே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்ட ஒல்லி இளைஞன் ஒருவன், சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். புதுப்பெண் சொன்னதில் ஒரு சொல் குறையவில்லை. "அவர் நின்ன இடம் இதுதான்" என்றபோது ஒரு அம்மாள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் ஒரு சுகம் இருக்கிறது, அடுத்தவன் சாவாக இருந்தால்.

கூட்டம் கோபுரத்தைப் படமெடுக்கப் போனதும் ஊசியக்கா அவன் அருகே போனாள். "தம்பி" என்றாள். சின்ன வயசு நடத்துனரைக்கூட தம்பி என்னாமல் சார் என்றே எட்டு வருஷமாகக் கூப்பிடுகிறவள். அந்தச் சொல் தானாக வந்துவிட்டது.

"சொல்லுங்கக்கா."

"அந்தக் கொத்தனாரை ஏரி கூப்பிட்டுச்சுன்னியே. நீ கேட்டியா?"

அவன் சிரித்தான். "கதைக்கா அது. எனக்கு முன்னாடி இருந்தவர் சொன்னார், நான் சொல்றேன்."

"அவன் என் தம்பி."

சிரிப்பு அப்படியே நின்றது. அவன் பெட்டியின் விசையை அணைத்தான்.

அவள் பையிலிருந்து அதை எடுத்தாள். மெத்தைபோல் தடித்த சாக்குப் போர்வை. நான்காய் மடித்து, குறுக்கே நூல்கயிறு போட்டு முடிந்திருந்தது. "குளிர்ல சிமெண்ட் பூசினா அதுல இருக்கற தண்ணி உறைஞ்சுடும். காலைல தட்டிப் பார்த்தா கல்லு மாதிரி இருக்கும். அது கல்லு இல்ல தம்பி, ஐஸு. வெயில் பட்டா பொலபொலன்னு போயிடும். அதுக்குத்தான் மூடி வைக்கணும். 'சுவருக்கு ஒரு போர்வை தைச்சுக் குடுக்கா, குளிருதாம்'னான். தைக்கற இடத்துல மிஞ்சின துணியெல்லாம் உள்ள வைச்சு நான் தைச்சது."

"சரிக்கா..."

"மறுநாள் திறப்பு விழா. பெரிய மனுஷங்க வர்றாங்க, சாக்கு மூடிக் கிடந்தா படத்துல அசிங்கமா இருக்கும்னு மேஸ்திரி வேணாம்னுட்டான். இந்தக் குளிர்ல பூசவே கூடாது, நாலு நாள் தள்ளி வைங்கன்னு இவன் கெஞ்சியிருக்கான். தேதி குறிச்சாச்சாம். காலைல வந்தாங்க, நாடா வெட்டினாங்க, படம் எடுத்தாங்க, போயிட்டாங்க. காலைல சாய்ஞ்சு பார்த்தப்ப கெட்டியாதான் இருந்திருக்கு. இவனுக்கு மனசு கேக்கல. வெயில் ஏறினதும் இன்னொரு தடவை பார்க்கணும்னு திரும்ப ஏறி வந்தான். சாய்ஞ்சான்." அவள் ஓரத்தில் மிஞ்சிய அடிக்கற்களைக் காட்டினாள். "கூட வேலை செஞ்சவன் ஒருத்தன் எங்கிட்ட அழுதுகிட்டே சொன்னான். வெளியில சொல்லப் பயந்து ஊரை விட்டே போயிட்டான். மேஸ்திரி ஆளுங்க, கல்யாணம் நின்ன துக்கத்துல குதிச்சான்னு முடிச்சுட்டாங்க."

வழிகாட்டி போர்வையைப் பார்த்தான்.

"அவன் சாமானோட இது வந்துச்சு. இந்த முடிச்சு நான் போட்டது. யாரும் அவிழ்க்கவே இல்ல. பார்."

அவன் விரலால் முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, அதில் நடிப்பு இல்லை. "தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. இனிமே அந்தக் கதையைச் சொல்லமாட்டேன். பலகை வைக்கறவங்ககிட்டயும் சொல்றேன்." தன் குடுவையிலிருந்து அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். சூடு தொண்டையில் இறங்கியபோது, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவன் நம்பினான் என்று நினைத்தாள்.

இறங்கத் தொடங்கினாள். காவற்கோபுரத்துக்குக் கீழே, பாதை திரும்புகிற இடத்தில், முழங்கால் கெஞ்சியது. ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மேலே அடுத்த கூட்டம் வந்துவிட்டதுபோல. குளிர்ந்த காற்றில் ஒலிபெருக்கியின் குரல் தெளிவாக இறங்கி வந்தது.

"...ஏரி கூப்பிட்டதும் அவர் போயிட்டார். ஆனா கதை அதோட முடியல. அவருக்கு ஒரு அக்கா. தம்பிக்குக் குளிருமேன்னு, ஒவ்வொரு குளிர்காலமும் கையில ஒரு போர்வையோட இந்த மேடைக்கு வர்றாங்க. இன்னிக்குக் காலைலகூட நான் பார்த்தேன். அந்தப் போர்வையில ஒரு முடிச்சு. அதை இதுவரைக்கும் யாராலயும் அவிழ்க்க முடியல..."

"ஐயோ" என்று யாரோ ரசித்துச் சொல்வதும் கேட்டது.

ஊசியக்கா பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. அழுதவன்தான். அழுத கையோடு அதையும் கதையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டான். மேஸ்திரி இல்லாத, விழா இல்லாத, குற்றவாளியே இல்லாத கதை அது. அதில் எல்லோரும் இருக்கலாம், கொன்றவனைத் தவிர. ஏரிக்கு வாய் இல்லை, அதனால் அதன்மேல் எதையும் போடலாம். தம்பியைப் பேயாக்கினார்கள். இப்போது உயிரோடு இருக்கிற அவளையும் ஆக்கிவிட்டார்கள்.

எழுந்தாள். இறங்கிய பாதையிலேயே, முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி, மறுபடி ஏறினாள்.

அவளைப் பார்த்ததும் வழிகாட்டி பேச்சை விழுங்கினான். கூட்டம் திரும்பியது. "அவங்கதான்" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது.

"நான்தான்" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "முடிச்சை அவிழ்க்க முடியாம இல்ல. அவிழ்க்க விடல." பல்லால் கடித்து இழுத்து, தானே போட்ட முடிச்சை அவிழ்த்தாள். போர்வை விரிந்தது. உள்ளே மஞ்சளும் நீலமுமாய் மிச்சத் துணிகள், நெருக்கமான தையல். எங்கும் ஒரு துளி சிமெண்ட் கறை இல்லை. "இது சுவர்மேல கிடந்திருந்தா அழுக்கா இருக்கும். என் தம்பி வீட்ல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருப்பான். ஏரி யாரையும் கூப்பிடல. படம் நல்லா வரணும்னு ஒருத்தன் போர்வையை வேணாம்னான். அவ்வளவுதான்."

காற்று போர்வையின் ஓரத்தைத் தூக்கியது. பிறகு ஒரு பெண், நல்ல மனதோடுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

ஊசியக்கா அவளைப் பார்த்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை. "எடுத்துக்கம்மா. கீழ ஏதாவது எழுதினா ஏரின்னு எழுதாத. மேஸ்திரின்னு எழுது."

நாலைந்து போன்கள் உயர்ந்தன. அது முடிகிறவரை நின்றாள். பிறகு தம்பிக்காகவும் இல்லை, சுவருக்காகவும் இல்லை, குளிர் தாங்கவில்லை என்பதால் அந்தப் போர்வையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வளைவு வரும்வரை பின்னால் ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. வளைவுக்கு அப்பால் காற்று எதிர்த்திசையில் அடித்தது. அதன்பின் அவன் என்ன சொன்னான் என்று அவளுக்குக் கேட்கவில்லை.