இரண்டாவது கார்னெட்

அத்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த நிமிடம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கிள்ளான் டவுனில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பழைய சாமான் கடை. தையல் இயந்திரங்களுக்கும் இரும்புக் கட்டில்களுக்கும் நடுவே ஒரு மேசை, மேசைமேல் குட்டை ட்ரம்பெட் மாதிரி இரண்டு பித்தளைக் கார்னெட்டுகள். அத்தான் வாசல்வரை நடந்துபோய், தெருவைப் பார்த்தபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "ம், ஊது. எதை ஊதுறேன்னு சொல்லாத" என்றார்.

கார்னெட் ஊதுகிறவனுக்குத் தன் வாத்தியத்தின் சத்தம் சரியாகத் தெரியாது. சத்தம் முன்னால் போய்விடும். ஊதுகிறவனுக்கு மிஞ்சுவது உதட்டு அதிர்வும் கொஞ்சம் எதிரொலியும்தான். அதனால் எங்கள் மாதா கோயில் பேண்டில் யார் வாத்தியம் பார்க்கப் போனாலும் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது வழக்கம். அவர் தள்ளி நின்று, பளபளப்பைப் பார்த்து மயங்காமல் இருக்கத் திரும்பிக்கொண்டு, காதால் மட்டும் கேட்பார். அவர் சொல்வதுதான் முடிவு. அன்று அப்படி எனக்குக் காதாக வந்தவர் அத்தான்.

அவர் என் அக்காவின் கணவர். ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதுகிறவர். நான் அதே தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஞாயிறு பூசையில் இருவரும் தோளோடு தோள் நின்று ஊதுவோம். பூசை முடிந்து அவர் வீட்டுக்குப் போனால் அக்கா காப்பி போடுவாள், அத்தான் கிராமபோனில் ஜாஸ் இசைத்தட்டு வைப்பார். முதல் தடவை கேட்டபோதே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாங்கள் கோயிலில் நேராகவும் பவ்யமாகவும் ஊதிய அதே கார்னெட், அந்தத் தட்டில் கேலி பேசியது, கெஞ்சியது, வழுக்கி விழுந்து எழுந்தது. வெளியே அவசரகாலம், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரச் சர்க்காரின் சண்டை. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, கேட்டில் துப்பாக்கியோடு காவல். அந்தத் தட்டு சுழலும் மூன்று நிமிடம் மட்டும் கம்பி இல்லாததுபோல இருக்கும்.

அப்போதுதான் கோலா சிலாங்கூரில் ஒரு நடன பேண்டுக்குக் கார்னெட் ஊத ஒரே ஓர் ஆள் தேவை என்று தெரியவந்தது. பட்டணத்திலேயே தங்க இடம், வாரா வாரம் கிளப்புகளில் வாசிப்பு. எனக்கு அது பால் கொட்டகையிலிருந்து விடுதலை. ஒரே தடங்கல், எங்கள் கார்னெட்டுகள் கோயிலுடையவை. பூசைக்கு ஊதுவதை ஆட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று பங்குச் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். சொந்தமாக ஒன்று வேண்டும்.

"நீங்க போகலையா அத்தான்?" என்று கேட்டேன்.

"எனக்கென்னப்பா, ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு டான்ஸுக்கு ஊதப் போறதா? நீ போலா. நீயாச்சும் இந்தக் கம்பிக்கு வெளிய போய்ச் சேரு" என்றார். அக்காவுக்கு வாய்த்த மனிதரை நினைத்து அன்று நான் பெருமைப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து ஊதிக்காட்டும்படி நடன பேண்டு மாஸ்டர் சொல்லியிருந்தார், அதற்கு முந்தின நாள் சனிக்கிழமைதான் கிள்ளானுக்குப் போக முடிந்தது. ஊரடங்குக்குள் திரும்ப வேண்டும், மூன்று மணி பஸ்ஸை விட்டால் கதை முடிந்தது. ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம்தான் ஊதிப் பார்த்தேன். பூசைக்கும் பவனிக்கும் எந்தக் கார்னெட்டும் போதும். ஜாஸுக்கு அப்படியில்லை. பிஸ்டன் என்கிற விரல்கட்டையைப் பாதி அழுத்தி, சுரத்தை வளைத்து, சட்டென்று விட வேண்டும். விட்டதும் அது துள்ளி மேலே வரவேண்டும். முதலாவதில் மூன்று பிஸ்டன்களும் அப்படித் துள்ளின. இரண்டாவதில் நடு பிஸ்டன் கொஞ்சம் சோம்பலாக இருப்பதுபோல என் விரலுக்குப் பட்டது.

"ரெண்டாவது" என்றார் அத்தான், திரும்பாமலே. "தேன் மாதிரி விழுது தம்பி."

"விரலுக்கு மொதல்லதுதான் லேசா இருக்கு அத்தான்."

"விரலு பழகிடும்லா. சத்தம் பழகுமா?"

அக்கா புருஷன் சொல்லிவிட்டார். அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை, வரும்படி என்னை யாரும் வளர்க்கவும் இல்லை. இரண்டாவதையே வாங்கினேன். தோட்டத்துக் கேட்டில் காவலாள் பெட்டியைத் திறக்கச் சொல்லி, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறேனோ என்று கார்னெட்டின் அகன்ற வாய்க்குள் விரல்களை விட்டுத் துழாவினான். அத்தான் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை. பேண்டு மாஸ்டர் வயதான மனிதர், பொறுமையாகக் கேட்டார். முதல் மூன்று பாட்டு நன்றாகவே போயிற்று. ஊத ஊத வாத்தியம் சூடேறியது. நாலாவது பாட்டில் நடு பிஸ்டன் இறங்கியது, ஏறவில்லை. நகத்தால் கிள்ளி மேலே இழுத்தேன். அடுத்த வரியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டது. பின்னால் தாளம் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "சரி பண்ணிக்கிட்டு வா" என்றார் மாஸ்டர், அன்பாகத்தான். கார்னெட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அடுத்த சனிக்கிழமை தவுக்கேயிடம் போனேன். அவர் என் முகத்தையும் கார்னெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சொன்னார். என் அத்தான் என்னைக் கூட்டிவருவதற்கு ஒரு வாரம் முன்பே தனியாக வந்தாராம். காலையிலிருந்து மதியம்வரை உட்கார்ந்து இரண்டையும் ஊதினாராம். சூடானால் இதில் நடு பிஸ்டன் மாட்டிக்கொள்கிறது என்று அவர்தான் கண்டுபிடித்தாராம். சரிசெய்து தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாராம். முதலாவதை முந்தாநாள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

தோட்டத்துக்கு வந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். முதல் கார்னெட் மேசைமேல் மஞ்சள் துணியில் இருந்தது. மறைக்கக்கூட இல்லை. மறுநாள் அவர் மாஸ்டரிடம் ஊதிக்காட்டப் போவதாக இருந்தது.

"ரோடு இருக்குற இருப்பு ஒனக்குத் தெரியாதா? லோரிய வழிமறிச்சுச் சுட்டு இன்னும் மாசம் ஆகல. ஒனக்கு ஏதாச்சும் ஆயிடும்னு ஒங்கக்கா அழுதா. அதான் தம்பி" என்றார்.

அக்காவைப் பார்த்தேன். "நீ அழுதியா?" என்று கேட்டேன். அவள் காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இடம் அவருக்கே கிடைத்து, எனக்கு ஆபத்தான அதே ரோட்டில், அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் வாசிக்கப் போனார். அவசரகாலம் ஓயும்வரைக்கும் போனார், ஞாயிறு காலை பஸ்ஸில் திரும்பி வந்து பூசைக்கு என் பக்கத்திலேயே நின்று ஊதினார். வயிறெரிந்து செத்தேன். அவர் வந்து நிற்கும்போது என் உதடு நடுங்கும், ஊத வராது. ஒரு கட்டத்தில் பேண்டை விட்டே விலகினேன். என் கார்னெட்டை நான் கடைசிவரை சரிசெய்யவில்லை. வீம்புதான். பால் கொட்டகையிலேயே தலை நரைத்தேன். இவ்வளவுக்கும் பிறகு, அவரை 'அவன்' என்று எழுத இன்றைக்கும் எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் அத்தான் இறந்துபோனார். அவர்கள் கடைசியாகக் குடியிருந்த புக்கிட் பெருந்துங்கிலிருந்து அக்கா மகன் வந்து, "மாமா, அம்மா இத ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு பையை நீட்டினான். முதல் கார்னெட். அந்த மஞ்சள் துணியே சுற்றியிருந்தது. வேறு எதுவும் சொல்லி அனுப்பவில்லையாம்.

அலமாரி மேலிருந்து என்னுடையதையும் இறக்கினேன். இரண்டுக்கும் எண்ணெய் போட்டு, மாற்றி மாற்றி ஊதிப் பழகினேன். மூச்சு பழைய மூச்சு இல்லை, ஆனாலும் வந்தது. பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்கச் சொன்னேன். அவளுக்குச் சங்கீதமும் தெரியாது, இந்தக் கதையும் தெரியாது. இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லக் கூசியிருந்தேன். முதலில் அவருடையதை ஊதினேன். பிறகு என்னுடையதை.

"ரெண்டாவது" என்றாள், யோசிக்கவே இல்லை. "அதுதாங்க காதுக்கு எதமா இருக்கு."

அன்று கடை வாசலில் நின்று அவர் பொய் சொன்னார் என்றுதான் இவ்வளவு காலம் அவரை வைதுகொண்டிருந்தேன். அவர் சொன்னது நிஜம். என்னை ஏமாற்ற அவருக்கு ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை.

"நல்லாத்தான இருந்துச்சு, இன்னொரு தடவ ஊதுங்களேன்" என்றாள் மனைவி, ஜன்னல் பக்கமே திரும்பி நின்றபடி. என் கார்னெட் நன்றாகச் சூடேறியிருந்தது. உதட்டில் வைத்து நடு பிஸ்டனை அழுத்தினேன். இறங்கியது. விரலை எடுத்தேன். அது மேலே வரவில்லை.