ஒரு முறம் தவிடு

“இது யார் புள்ள?”

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த சிட்டம்மாளின் கை நின்றது.

“உன்னத்தான் கேக்கறேன். நீ வாயத் தொறந்து சொன்னாத்தான் நான் எழுத முடியும்.”

கேட்டவள் சுலோச்சனா, உத்திரமேரூர் யூனியன் ஆபீசின் ஊர்நல அலுவலர். காலனியில் யார் வீட்டிலிருந்தோ இரவல் வாங்கி வந்த முக்காலியில், முழங்காலின்மேல் அட்டையை வைத்து உட்கார்ந்திருந்தாள். அட்டையில் மனுத்தாள் செருகியிருந்தது. பிள்ளை பெற்ற ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் உதவித் தொகை கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, சிட்டம்மாளின் புருஷன் பெருமாள் ஆள் பிடித்து எழுதிப் போட்ட மனு. அதை விசாரிக்கத்தான் அவள் வந்திருந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம், தை மாதம், ஒரு வியாழக்கிழமை.

“மார்த்தா புள்ள,” என்றாள் சிட்டம்மாள்.

வாசலில் நின்றிருந்த பெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு வியர்க்கவில்லை.

“நீ பெத்ததுதானே?”

“மார்த்தா புள்ளம்மா.”

தூளிக்குள் பிள்ளை சிணுங்கியது. சிட்டம்மாளின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்தது. சுலோச்சனா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததைப் பார்த்த சிட்டம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

இருபத்தைந்து நாளைக்கு முன்னால் அந்தப் பிள்ளை இதே வீட்டில் பிறந்தது. தொப்புள்கொடி அறுத்த கையோடு குப்பைமேட்டுக்குக் கொண்டுபோய் ஒரு புரட்டுப் புரட்டினார்கள். எதிர் வீட்டு மார்த்தாள் ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டாள். பிறந்து பிறந்து செத்துப்போகிற வீட்டில் அப்படித்தான் செய்வார்கள். பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் பக்கத்தில் போட்டுக்கொள்வதும் பெற்றவள்தான். ஆனால் என்னுடையது என்ற சொல் ஒரு வருஷத்துக்கு அவளிடமிருந்து வரக் கூடாது. வந்தால், பிள்ளையைக் கொண்டுபோகத் தேடிக்கொண்டு அலைகிற ஒன்றுக்கு வீடு தெரிந்துவிடும். வருஷம் திரும்பியதும் மாரியம்மன் கோயிலில் வைத்து மீட்டுக்கொள்ளலாம்.

சிட்டம்மாள் பெருநகர் என்ற கிராமத்தில் பிறந்தவள். பத்து வயதில் நாற்று முடி தூக்கினாள். பன்னிரண்டில் நடவுக்கு இறங்கினாள். கல்யாணமாகி உத்திரமேரூர்ப் பக்கம் வந்த முதல் வருஷமே நடவுக்காரிகள் அவளை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார்கள். அவள் போகிற வேகத்துக்கு மற்றவர்கள் போக வேண்டும். அதிகம் பேச மாட்டாள். சேற்றில் இறங்கினால் கரை ஏறும்வரை நிமிர மாட்டாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

முதல் பிள்ளை ஆண். தாய்வீட்டில் பிறந்து நாற்பதாம் நாள் செத்தது. என்ன காரணமென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாவது பெண். இருபதாம் நாளே அதைத் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போனாள். வரப்போரத்து வேல மரத்தில் தூளி கட்டினாள். காற்றில்லாத நாள். அவள் நடுவில் கரையேறினால் வரிசை முழுக்க நிற்க வேண்டும். பிள்ளை அழுதது கேட்டது. அழுகை நின்றதும் தூங்கிவிட்டது என்று நினைத்து நட்டுக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது. நான்காம் நாள் இல்லை.

பெருமாள் கிணறு வெட்டப் போகிற கூலி அரிசிக்கே சரியாகிவிடும். அரசாங்கப் பணம் வந்தால் அவள் இரண்டு மாதம் சேற்றில் இறங்காமல் பிள்ளையோடு இருக்கலாம். அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். விசாரணைக்கு வந்து இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

“நான் என்ன கண்ணு வைக்க வந்தவளா?” என்றாள் சுலோச்சனா. “குப்பையில போட்டு எடுக்கறதெல்லாம் எனக்குத் தெரியாதா? எங்க சித்தப்பா பேரே குப்புசாமிதான். ஆஸ்பத்திரியில பெத்திருந்தா சீட்டு இருக்கும், உன்னக் கேக்கவே மாட்டேன். போன மாசம் ஒருத்தி அக்கா புள்ளையக் காட்டிப் பணம் வாங்கிட்டா. எனக்கு மெமோ. தாய் சொல்லாம எழுதாதேன்னு உத்தரவு.”

“நான் சொல்றேம்மா. என் புள்ளதான். எழுதிக்குங்க,” என்றான் பெருமாள்.

“நீயா பெத்த?”

பெருமாள் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். “சொல்லித் தொலையேன்டி. ஒரு வார்த்ததான? அப்பால வேணுமின்னா வாயக் கொப்புளிச்சிக்க.”

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி மார்த்தாள் வந்துவிட்டாள். “இன்னா, எம் புள்ளைய வெச்சிக்கினு பஞ்சாயத்து பண்ணிக்கினு கீறீங்களாமே,” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். “எனக்கு அம்பது வயசும்மா. தல நரைச்சப்புறம் புள்ள பெத்தவன்னு சர்ச்சுல சிரிக்கிறாளுங்க. ஃபாதர் கேட்டா இன்னா சொல்றதுன்னு ஞாயித்துக்கெயம ஆனா பயந்துக்கினு போறேன்.”

சுலோச்சனா சிரித்துவிட்டாள். “அப்ப நீங்களே சொல்லுங்க. இது யாருது?”

மார்த்தாள் சிட்டம்மாளைப் பார்த்தாள். “அவதாம்மா பெத்தா. நான் சொல்லலாம், எனக்கு ஒண்ணும் இல்ல. அவ சொல்லக் கூடாது.”

“அவ சொன்னாத்தான் செல்லும்.”

மார்த்தாள் தூளிக்குப் பக்கத்தில் குந்தினாள். “சிட்டு, தவிடு குடுத்தவ நான். நானே சொல்றேன், சொல்லிடு. ஒண்ணும் ஆவாது.”

“உனக்குத் தெரியுமாக்கா?”

மார்த்தாள் தரையைப் பார்த்தாள். “தெரியாதுடி.”

சுலோச்சனா பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள். “சரி, வாயால சொல்ல வேணாம். நான் கேக்கறேன். நீ தலைய மட்டும் ஆட்டு. சொன்னதா எழுதிக்கறேன். இதுக்கு மேல என்னால எறங்கி வர முடியாது.”

சிட்டம்மாளுக்கு வேல மரத்துத் தூளியில் அழுகை நின்ற நேரம் நினைவுக்கு வந்தது. இப்போது தலையை ஆட்டினால் இந்தப் பிள்ளையை வரப்பில் விட வேண்டியதில்லை. ஆனால் முதல் பிள்ளை வரப்பில் சாகவில்லை. நிழலில், அவள் மடியில் கிடந்து செத்தது. அது ஏன் என்று விசாரிக்க வந்த இந்த அம்மாவாலும் சொல்ல முடியாது. தேடி அலைகிற அது வாய் பேசுவதைக் கேட்குமென்றால், தலை ஆடுவதைப் பார்க்காதா?

“இது உன் புள்ளதானே?”

கழுத்து அசையாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை வீரிட்டு அழுதது. பால் முந்தானையையும் நனைத்தது.

சுலோச்சனா ஒரு வரி எழுதினாள். என்ன எழுதினீர்கள் என்று பெருமாள் கேட்டதற்குப் படித்துக் காட்டினாள். “குழந்தை தன்னுடையதல்ல என்று மனுதாரரின் மனைவி கூறினார்.”

“இனிமே மாத்த முடியாது,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பிப் பார்த்தாள். “மொதல்ல பாலக் குடும்மா.”

பெருமாள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனான். அதைக் கொடுத்துவிட்டு வர அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏரிக்குக் கீழே இருந்த கழனியில் நவரைப் பட்டத்து நடவு. சிட்டம்மாள் விடியும்போது பால் கொடுத்துப் பிள்ளையை எதிர் வீட்டில் விட்டாள். மார்த்தாள் வேலைக்குப் போகவில்லை. சிட்டம்மாள் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள். பத்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை கரையேறி வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். பெருமாள் பெருநகர்ப் பக்கம் கிணற்று வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம் மார்த்தாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. சனிக்கிழமையும் நடவு இருந்தது.